ஓபரா கேசட்டில் ஒரு தாத்தா

கேசட் காலத்தை அதற்குள் மறந்திருக்க மாட்டீர்கள். மேல் விளிம்பில் உள்ள இரண்டு குட்டிப் பற்களை உடைத்துவிட்டால் அதில் வேறெதுவும் பதிவாகாது. அந்த ஓட்டையிலும் ஸெல்லோ டேப் ஒட்டி, சுப்ரபாதத்தின் மேல் 'காதலன்' பாட்டை ஏற்றிய புண்ணியவான்கள் நம்மிடையே உண்டு.

பெய்ஜிங்கில் ஒரு தாத்தாவும் 2000-ம் ஆண்டு வாக்கில் பழைய கேசட்டுகளின் மேல் கை வைத்தார். குழந்தைப் பாட்டு, ஓபரா என்று வீட்டில் கிடந்தவற்றின் மேலேயே ரகசியமாகப் பேசிப் பதிவு செய்தார். சுமார் 30 கேசட். ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு மணி நேரம். லேபிள் கிடையாது; பென்சிலால் மங்கலாக ஒரு நம்பர், அவ்வளவுதான்.

தாத்தா லேசுப்பட்ட ஆசாமி இல்லை. ஜாவோ ஸியாங். சீனாவின் பிரதமராக இருந்து, 1987-ல் கம்யூனிஸ்ட் கட்சிப் பொதுச்செயலாளர் ஆனவர். பொருளாதாரத்தைச் சந்தைப் பக்கம் திருப்பியதில் பெரும் பங்கு அவருக்கு. 1989-ல் தியானன்மென் சதுக்கத்தில் மாணவர்கள் கூடியபோது, ராணுவம் வேண்டாம் என்றார். மே 19 விடியற்காலையில் சதுக்கத்துக்கே போய், தாமதமாக வந்ததற்காக அவர்களிடம் வருத்தம் தெரிவித்தார். அதோடு சரி. ராணுவம் வந்தது, பதவி போனது. 2005 ஜனவரியில் 85 வயதில் இறக்கும்வரை, கிட்டத்தட்ட 16 வருஷம் வீட்டுக்காவல். கோல்ஃப் ஆடப் போவதற்குக்கூட மல்லுக்கட்ட வேண்டியிருந்தது!

அன்று சதுக்கத்தில் அவர் பக்கத்தில் நின்ற வென் ஜியாபாவ், 2003-ல் பிரதமரே ஆகிவிட்டார். ஒரே போட்டோவில் இருவர். ஒருவருக்கு நாற்காலி, ஒருவருக்கு நாலு சுவர்.

கேசட்டுகளை நம்பகமான சில நண்பர்களிடம் கொடுத்து வைத்திருந்தார். இன்னொரு செட், அவர் இறந்த பிறகு வீட்டில் பேரப்பிள்ளைகளின் பொம்மைகளுக்கு நடுவே கிடைத்தது. 2009 மே மாதம் புத்தகமாக வந்தது. ஹாங்காங்கில் சுடச்சுட விற்றது. பெய்ஜிங்கில்? மூச்!

நான் பி.காம். கணக்கு டேலி ஆகாவிட்டால் வித்தியாசத்தை 'சஸ்பென்ஸ் அக்கவுண்ட்' என்று போட்டு வைப்போம். பாலன்ஸ் ஷீட் லட்சணமாகிவிடும். ஆனால் அந்த என்ட்ரி ஓடிப்போகாது. யாராவது வவுச்சரோடு வரும்வரை அங்கேயே உட்கார்ந்திருக்கும். தாத்தாவையும் அப்படித்தான் ஒதுக்கி வைத்தார்கள். அவர் 30 வவுச்சர் எழுதி வைத்துவிட்டுப் போய்விட்டார்.

பாராளுமன்ற ஜனநாயகமே மேல் என்று அதில் சொல்கிறார். நாடே கேட்கும் மைக் கையில் இருந்தபோது இதைச் சொல்லவில்லை. அப்போது அவருக்கே அப்படித் தோன்றவில்லை. யார் கேட்பார்கள் என்றே தெரியாத டேப் ரிக்கார்டரிடம்தான் சொல்ல முடிந்தது. அதிகாரத்துக்கு இப்படி ஒரு குணம் போலிருக்கிறது, சார்... மைக்கைக் கொடுக்கும்போது விஷயத்தைப் பிடுங்கிக்கொள்கிறது.

ஆகவே, பரணில் கிடக்கும் பழைய கேசட்டுகளைக் குப்பையில் போடுமுன் ஒருமுறை ஓடவிட்டுக் கேளுங்கள். குழந்தைப் பாட்டு திடீரென்று நின்று, தாத்தா தொண்டையைக் கனைத்தாலும் கனைப்பார்.