மாற்றுப் புடவையோடு வாங்க!

போன இதழில் வடாம் பற்றி எழுதினேன். இந்தத் தடவை கொஞ்சம் கனமான விஷயம். என் நாத்தனாரின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்.

அவள் மகளுக்கு 16 வயசு. நன்றாகப் படிக்கிற பெண், திடீரென்று தூக்கத்தை விட்டாள். காதில் யாரோ திட்டுவதாகச் சொல்லி அழுதாள். வேப்பிலை, தாயத்து எல்லாம் ஆயிற்று. யாரோ சொன்னார்கள் என்று ஒரு விடுதிக்கு அழைத்துப் போனோம். "விட்டுட்டுப் போங்க, மூணு மாசம் யாரும் வந்து பார்க்கக் கூடாது" என்றார்கள். பெரியவர்களோடு ஒரே கூடத்தில் படுக்கை. குழந்தை என் புடவைத் தலைப்பைப் பிடித்தவள் விடவேயில்லை. திரும்பிவிட்டோம்.

பிறகு வேறொரு ஆஸ்பத்திரியில் மனநல டாக்டரம்மா பார்த்தார். சேர்க்கணும் என்றதும் நாத்தனார், "அண்ணி, இது வெளியே தெரிஞ்சா இவளை யார் கட்டிப்பாங்க?" என்று அழுதாள். டாக்டரம்மா சிரித்தபடி, "நீங்களும்தான் சேரணும். மாற்றுப் புடவையோடு வாங்க" என்றார்.

2017-ஆம் வருஷத்து மனநலச் சட்டமே அப்படித்தானாம். 18 வயசு நிரம்பாத பிள்ளையைச் சேர்க்க ஒரு டாக்டர் சொன்னால் போதாது. இன்னொருவரும் தனியாகப் பார்த்து, அவசியம்தான் என்று ஒத்துக்கொள்ள வேண்டும். பெரியவர்களோடு தங்க வைக்கக் கூடாது. பிள்ளைக்குப் பொறுப்பானவரோ துணையாளோ கூடவே இருக்க வேண்டும். 30 நாளைத் தாண்டினால் மறுஆய்வு வாரியத்துக்குச் சொல்லியாக வேண்டும். சங்கிலி எந்த வயசிலும் கூடாது. 2001-ல் ஏர்வாடித் தீயில், சங்கிலியால் ஓட முடியாமல் மாண்டவர்களை மறக்க முடியுமா?

வீட்டார் கூடத் தங்குவது புதுசும் இல்லை. 1950-களிலேயே அமிர்தசரஸ் மனநல ஆஸ்பத்திரியில் டாக்டர் வித்யாசாகர், நோயாளிகளின் குடும்பத்தாரைக் கூடாரம் போட்டுத் தங்க வைத்தார். வேலூர் சி.எம்.சி.யிலும் அந்த வழக்கம் உண்டு.

நாத்தனார் 22 நாள் தங்கினாள். முதல் வாரம் பெண் தூங்கிக்கொண்டே இருக்க, பயந்துபோனாள். மருந்தின் அளவைச் சரிசெய்தார்கள். "குரல் கேக்கலைன்னு அவகிட்ட வாதாடாதீங்க, பயமா இருக்கான்னு கேளுங்க" என்று நர்ஸ் சொல்லிக் கொடுத்தாராம். வீட்டுக்கு வந்த பிறகு அதுதான் கைகொடுத்தது. மாத்திரை இன்னும் தொடர்கிறது. ஒரு வருஷம் போனாலும் பெண் மறுபடி பள்ளிக்கூடம் போகிறாள். நடுவில் சில நாள் சோர்ந்துபோவதும் உண்டு.

என் தப்பையும் சொல்லிவிடுகிறேன். "மருமகளுக்கு மஞ்சள் காமாலை" என்று பக்கத்து வீட்டு மாமியிடம் புளுகினேன். பாவம், அவர் தினமும் கீழாநெல்லி பறித்து வந்து கொடுத்தார். மனசு உறுத்த, ஒருநாள் உண்மையைச் சொன்னேன். மாமி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாக, "அந்த டாக்டர் விலாசம் தர்றியா? என் பேரன் ரெண்டு மாசமா ரூமை விட்டு வெளியே வரலை" என்றார்.

யாரிடம் கேட்பது என்று தவிக்கிற சகோதரிகளே, அரசாங்கத்தின் டெலி மானஸ் எண் 14416. காசில்லாமல், தமிழிலேயே பேசலாம்.