கடன் வாங்கியவரா, கடன் விற்றவரா?

2008 அமெரிக்க நெருக்கடியைப் பற்றிப் பேச்செடுத்தால், "தகுதியில்லாத ஏழைகளுக்கு வீட்டுக்கடன் கொடுத்தார்கள், வங்கிகள் கவிழ்ந்தன" என்று சொல்ல ஒருவர் வந்துவிடுகிறார். 'தகுதி' என்ற சொல் காதில் விழுந்தாலே நாம் உஷாராக வேண்டும், தோழர்களே.

அவர்கள் பழிபோடுவது 1977-இன் சமூக மறுமுதலீட்டுச் சட்டத்தின் மீது. கறுப்பர் குடியிருப்புகளைச் சிவப்புக் கோட்டால் ஒதுக்கிக் கடன் மறுத்த கொடுமைக்கு எதிராக வந்த சட்டம் அது. நெருக்கடியை விசாரித்த ஆணையத்தின் பெரும்பான்மை அறிக்கை (2011) என்ன சொன்னது? அதிக வட்டிக் கடன்களில் 6 சதவீதத்துக்குத்தான் அச்சட்டத்தோடு தொடர்பு. கடன் கொடுத்தவர்கள் அதை உடனே கைமாற்றி விற்றார்கள். வால் ஸ்ட்ரீட் பொட்டலம் கட்டி உலகெங்கும் விற்றது. பணம் திரும்பி வருமா என்ற கவலை விற்றவருக்கு இல்லை.

தகுதியிருந்த கறுப்பின, லத்தீன் குடும்பங்களையும் அதிக வட்டிக்குள் தள்ளியதாக 'கண்ட்ரிவைட்' நிறுவனத்தின் மீது அரசு வழக்குப் போட்டது. 2011-இல் அது 33.5 கோடி டாலருக்குச் சமரசமானது.

தீர்வு யாருக்குக் கிடைத்தது? நிதி நிறுவனங்களை மீட்க 70,000 கோடி டாலருக்கு 2008 அக்டோபரிலேயே சட்டம் வந்தது. வீடிழந்தவர்களுக்குக் கிடைத்தது சிக்கன உபதேசம்.

இங்கும் கதை அதுதான். பொருளாதாரம் மந்தமான 2019-இல் கம்பெனி வரியை 30-லிருந்து 22 சதவீதமாகக் குறைத்தால் அது 'ஊக்கம்'. நம் பிள்ளைகளின் உதவித்தொகை மட்டும் 'இலவசம்'.

அடுத்த நெருக்கடியில் யாராவது நம்மை நோக்கி விரல் நீட்டினால், நாம் கேட்க வேண்டியது ஒன்றே: லாபம் யார் வீட்டுக்குப் போனது?