பழைய எஞ்சினா, புதிய எஞ்சினா? கணக்கைப் பாருங்கள்

அண்மையில் ஒரு கொள்வனவு அலுவலாகக் கோப்பாய்க்குச் சென்றிருந்தேன். அங்கு இரும்புக்கடை நடத்தும் நண்பர் தேநீர் தந்துவிட்டு, "நானா, வன்னிப் பக்கம் சாமான் ஏத்த ஒரு ஃபோர்வீல் டபிள் கெப் எடுக்கப்போறன். பழைய ஹைலக்ஸ் ஒண்டு வந்திருக்கு. மகன் புதுசுதான் வேணும் எண்டு நிக்கிறான். என்ன செய்வம்?" என்று கேட்டார்.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் தனியாருக்கும் திறக்கப்பட்ட பின்னர், நமது வியாபாரிகள் பலரும் கேட்கும் கேள்வி இது.

நண்பர் பழையதை நம்புவதில் வியப்பில்லை. 1990 இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தின் ஆஸ்டின், மொரிஸ் மைனர் கார்கள் சில துளி பெற்றோலில் உயிர்பெற்று, பின்னர் மண்ணெண்ணெயில் ஓடின. அழுத்த விகிதம் குறைந்த பழைய எஞ்சின் என்பதால்தான் அது சாத்தியமாயிற்று. ஆனால் நினைவு வேறு, கணக்கு வேறு. அந்த மண்ணெண்ணெயே 2022 ஆகஸ்டில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்குப் போனதை நாம் கண்டோம்.

ஹைலக்ஸையே எடுத்துக்கொள்வோம். பழைய 3எல் எஞ்சின் 2.8 லீற்றர்; டர்போ இல்லை, கணினி இல்லை. வலு சுமார் 90 குதிரைவலு. 2015 இல் வந்த 2ஜிடி எஞ்சின் 2.4 லீற்றர்தான், ஆனால் 150 குதிரைவலு தருகிறது. முறுக்குவிசை பழையதைப் போல இரண்டு மடங்கு. மணலில் புதைந்த வண்டியைக் கிளப்புவதும், பாரத்தோடு வயல் வரம்பில் ஏறுவதும் இந்த முறுக்குவிசையின் வேலை. இதில் புதியதே வெல்கிறது.

ஆனால் புதியது டீசலை 1,500 பாருக்கும் மேற்பட்ட அழுத்தத்தில் பீச்சுகிறது. அதன் இன்ஜெக்டர் துளைகள் முடியளவு நுண்ணியவை. தண்ணீரையும் தூசியையும் தாங்கா. இதை நான் காசு கொடுத்துக் கற்றேன். 2022 இன் டீசல் வரிசைகளுக்குப் பயந்து பீப்பாயில் சேமித்த டீசலை என் வண்டிக்கு ஊற்றினேன். அடியில் தண்ணீர். நான்கு இன்ஜெக்டரும் போயின. பழைய எஞ்சினாக இருந்தால் பில்டரைக் கழற்றி, தாங்கியைக் கழுவி, பெரும்பாலும் அன்று மாலையே ஓடியிருக்கலாம். தவறு எஞ்சினில் அல்ல, என்னில்.

இனிக் கணக்கு. பழையது லீற்றருக்கு 9 கிலோமீற்றர், புதியது 12 என்று வைத்துக்கொள்வோம். மாதம் 2,000 கிலோமீற்றர் ஓடுபவருக்கு மிச்சம் 55 லீற்றர் அளவுதான். லீற்றர் 300 ரூபா என்றாலும் ஆண்டுக்கு இரண்டு இலட்சத்தைத் தாண்டாது. இரு வண்டிகளின் விலை வித்தியாசமும் லீசிங் தவணையும் அதை எங்கோ விட்டுச் செல்லும். மாதம் 5,000 கிலோமீற்றர் ஓடினால் மிச்சம் ஐந்து இலட்சத்தை எட்டும். அப்போது கணக்கு மாறத் தொடங்குகிறது.

ஆகவே நண்பரிடம் சொன்னேன்: "கைதடி, சாவகச்சேரி, அவ்வப்போது வன்னி என்றால் பழையதை எடுங்கள். ஆனால் காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே ஸ்டார்ட் செய்து புகையைப் பாருங்கள். ஒயில் மூடியைத் திறந்து காற்று அடிக்கிறதா என்று பாருங்கள். டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று கேளுங்கள். மகன் வாராவாரம் கொழும்புக்குச் சரக்கு ஏற்றுவதென்றால் புதியது. அப்படியானால் ஸ்கேனர் வைத்திருக்கும் கராஜ் ஒன்றை முதலில் தேடிக்கொள்ளுங்கள். பீப்பாய் டீசலைத் தொடாதீர்கள்."

வியாபாரிக்கு வண்டி கௌரவப் பொருளல்ல, தொழிற்கருவி. அயலவர் பார்க்கப் புதியதை வாங்கித் தவணைக்குக் கடை முதலைக் கரைத்தவர்களையும் கண்டிருக்கிறேன். மலிவென்று பழையதை வாங்கி கராஜே கதியென்று கிடந்தவர்களையும் கண்டிருக்கிறேன். இருவரும் தவறவிட்டது ஒன்றைத்தான்: மாதம் எத்தனை கிலோமீற்றர் ஓடுகிறோம் என்று எழுதி வைக்கவில்லை.