சீக்கியர் யார் என்று சொல்ல வேண்டியவர் யார்?

கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசுவரர் கோயிலைக் கருங்கல்லால் எடுப்பித்த சேர் பொன்னம்பலம் இராமநாதனை நன்றியோடு நினையாத சைவர் கொழும்பில் இரார். ஆயினும் சட்ட நிரூபண சபையில் முஸ்லிம்களுக்குத் தனிப் பிரதிநிதி வேண்டுமா என்ற வினா எழுந்திருந்த காலத்தில், இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே, சமயத்தால் மாத்திரம் வேறானவர் என்று 1888இல் அவர் வாசித்த கட்டுரை, அச்சமூகத்தின் உள்ளத்தில் ஆறாத புண்ணை உண்டாக்கிற்று. ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் 1907இல் அதற்கு மறுப்பு எழுதினார். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் முஸ்லிம்களோடு அடுத்தடுத்து வாழும் நமக்கு, பிறர் தம்மை இந்துக்கள் என்று வகுப்பதால் எழும் சீக்கியரின் மனத்தாங்கல் விளங்காதிருக்க நியாயமில்லை.

சீக்கியராகிய தாம் இந்துக்கள் அல்லர் என்பதையே தலைப்பாகக் கொண்டு சீக்கிய அறிஞர் பாய் கான் சிங் நாபா 1898இல் நூல் வெளியிட்டார். 1924இல், கோயில் வீதிகளில் ஒடுக்கப்பட்ட சாதியார் நடக்கும் உரிமைக்காகப் போராடிய வைக்கம் சத்தியாக்கிரகிகளுக்கு அன்னமிட வந்த சீக்கிய அகாலிகளின் லங்கரை, அதாவது இலவசப் பொது உணவுச்சாலையை, காந்தியடிகள் விரும்பவில்லை. அது இந்துக்களே தீர்க்கவேண்டிய காரியம் என்பது அவர் கொள்கை. அன்று அந்நியராக நின்ற அதே சீக்கியரை, ஆலயங்களைச் சகல வகுப்பாருக்கும் திறந்துவிடும் நன்னோக்கத்துடன் எழுதப்பட்ட இந்திய அரசியல் சாசனத்தின் 25ஆம் உறுப்புரை, இந்துக்கள் என்ற சொல்லுக்குள்ளேயே அடக்கிவிட்டது. வேண்டாதபோது வெளியே நிறுத்தி, வேண்டியபோது உள்ளே இழுக்கும் உரிமையை ஒரு பெரும்பான்மைக்கு யார் அளித்தார்? 1984இல் அகாலிகள் அவ்வுறுப்புரையின் பிரதியைக் கொளுத்தியதை வெறும் ஆத்திரமென்று நான் தள்ளமாட்டேன்.

ஆனால், இவ்வளவு வாதாடிய சமூகத்தின் தலைமை, தன் மக்களிடத்தில் அதே நீதியைக் காட்டவில்லை. 2016இல் இந்தியப் பாராளுமன்றம் சீக்கியக் கோயில்களான குருத்துவாராக்கள் பற்றிய சட்டத்தைத் திருத்தி, கேசம் கத்தரிக்கும் சஹஜதாரிகளுக்கு, அவற்றை நிர்வகிக்கும் சிரோமணி குருத்துவாரா பிரபந்தகக் குழுவின் தேர்தலில் இருந்த வாக்குரிமையை நீக்கியபோது, அக்குழுவே அதனை வேண்டி நின்றது. மகந்துகள் என்ற பரம்பரை நிர்வாகிகளின் பிடியிலிருந்து குருத்துவாராக்களை மீட்கச் சீக்கியர் சிந்திய இரத்தத்தையும், 1921இல் நங்கானா சாகிபில் நிகழ்ந்த படுகொலையையும் நினைப்போர்க்கு, வெளியார் மீண்டும் நுழைவர் என்ற அச்சம் புரியக்கூடியதே. எனினும் சீக்கியரின் வேதமாகிய கிரந்த சாகிபின் முன் தலைதாழ்த்தி, லங்கரில் ரொட்டி சுட்டுப் பரிமாறும் ஒருவரை, மயிரைக் கொண்டு வெளியார் என்பது, சீக்கியர்மீது பிறர் இழைத்த அநீதியின் மறுவடிவமேயாகும். அவ்வுரிமையை மீட்டளிக்குமாறு பாராளுமன்றத்தைக் கேட்கவேண்டிய முதற்கடமை அக்குழுவினுடையது.