யார் சொல்ல வேண்டும்?
மாற்றுத்திறனாளிகளுக்கான தகவல், உதவி வழிகாட்டல் குறித்து எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு

மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு என்னென்ன செய்கிறது என்பதைக் கண்டுபிடிக்கும் வேலை இன்று மாற்றுத்திறனாளிகளின் தலையிலும் அவர்களைப் பெற்றவர்களின் தலையிலும் விழுந்திருக்கிறது. அது அவர்கள் வேலை அல்ல என்பதே எங்கள் நிலைப்பாடு. ஒருவருக்கு இயலாமைச் சான்றிதழ் கொடுக்கிற அன்றைக்கே அவருக்கு எவையெல்லாம் உரியவை, எந்த அலுவலகத்தில் கிடைக்கும், மறுத்தால் யாரிடம் போவது ஆகிய மூன்றையும் அவருக்குப் புரிகிற வடிவத்தில் அரசு சொல்லியாக வேண்டும். கேட்டால் சொல்கிறோம் என்ற வழக்கத்தை எங்கள் சங்கம் ஏற்கவில்லை. என்ன கேட்பது என்றே தெரியாதவரிடம் போய், கேட்டிருந்தால் சொல்லியிருப்போமே என்பது என்ன நியாயம்?

நாங்கள் மாற்றுத்திறனாளிகளும் பெற்றோரும் சேர்ந்து நடத்தும் சங்கம். எங்களிடம் வருபவர்களில் பெரும்பாலோர் போராட்டத்துக்கு ஆள் சேர வருவதில்லை. ஒரு பிளாஸ்டிக் கவரில் ஜெராக்ஸ் கட்டோடு வந்து, “இதுக்கு எங்க போகணும்?” என்று கேட்கத்தான் வருகிறார்கள். இந்த அறிக்கை அந்தக் கேள்வியைப் பற்றியது.

சட்டத்தில் குறையில்லை. ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை இந்தியா 2007-இல் ஏற்றது. பொதுமக்களுக்குத் தரும் தகவலை மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்தக்கூடிய வடிவில், தாமதமில்லாமல், கூடுதல் கட்டணமில்லாமல் தர வேண்டும் என்கிறது அதன் 21-ஆவது பிரிவு. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 39-ஆவது பிரிவு விழிப்புணர்வை அரசின் கடமையாக்குகிறது. 42-ஆவது பிரிவு அச்சு, ஒலி, மின்னணு வடிவங்கள் எல்லாவற்றிலும் அணுகும் வசதியைக் கேட்கிறது. 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஏழு வகை இயலாமைகள்தான் இருந்தன. புதிய சட்டம் அதை 21 ஆக்கியது. ஹீமோபிலியா, தலசீமியா, பார்க்கின்சன் நோய், அமில வீச்சால் ஏற்பட்ட பாதிப்பு எல்லாம் அப்போது உள்ளே வந்தவை. அப்படி உள்ளே வந்தவர்களுக்கு அந்தச் செய்தி போய்ச் சேர்ந்ததா என்று பார்த்தால்தான் சிக்கல் தெரிகிறது. ஹீமோபிலியா உள்ள பையனின் அப்பாவிடம் சான்றிதழ் வாங்குங்கள் என்று சொன்னால், “அவனுக்குக் கை கால் எல்லாம் நல்லாத்தானே இருக்கு?” என்று திருப்பிக் கேட்கிறார். மருத்துவமனைக்கு வருடக்கணக்கில் போய் வருகிறவர் அவர். அங்கே ஒருவரும் இதைச் சொன்னதில்லை.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் சுமார் 11.79 லட்சம் மாற்றுத்திறனாளிகள். அந்தக் கணக்கே ஏழு வகைக் காலத்தில் எடுத்தது என்பதை இங்கே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

எங்களிடம் அடிக்கடி வருகிற ஒரு வழக்கைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம். போலியோவால் ஒரு கால் பாதித்த பெண். தையல் வேலை. சான்றிதழில் 60 விழுக்காடு. ஊரில் யாரோ சொல்லி, கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் இருக்கிற மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கு இரண்டு பஸ் மாறி வருகிறார். மாத உதவித்தொகை கிடைக்குமா என்று கேட்கிறார். “அறுபது பர்சன்ட்தானேம்மா, எழுபத்தஞ்சு வேணும்” என்று பதில் வருகிறது. திரும்பிப் போய்விடுகிறார்.

அங்கே இருந்த எழுத்தர் பொய் சொல்லவில்லை. அந்தத் துறை தருகிற பராமரிப்பு உதவித்தொகைக்குக் கை, கால் பாதிப்பு உள்ளவர்களுக்கு 75 விழுக்காடு என்பதுதான் விதி. அறிவுசார் குறைபாடு, தசைச்சிதைவு, தொழுநோய் பாதிப்பு போன்றவற்றுக்கு 40 விழுக்காடு போதும். ஆனால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாத ஓய்வூதியம் இன்னொன்று இருக்கிறது. அது வருவாய்த்துறையினுடையது. தாலுகா அலுவலகத்தில் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரிடம் கேட்க வேண்டும். வறுமை உள்ளிட்ட நிபந்தனைகளோடு 40 விழுக்காட்டிலிருந்தே அதற்கு வழி உண்டு. பராமரிப்பு உதவித்தொகை 2,000 ரூபாய் ஆனதும், வருவாய்த்துறை ஓய்வூதியம் 2023 ஜனவரியில் 1,500 ரூபாய் ஆனதும் செய்தித்தாளில் வந்தன. இவை இரண்டும் வெவ்வேறு, வெவ்வேறு வாசலில் கிடைப்பவை, இரண்டில் ஒன்றைத்தான் வாங்க முடியும் என்பது மட்டும் எங்கேயும் சேர்த்துச் சொல்லப்படவில்லை. எழுத்தர் தன் துறைக்கு வந்த கேள்விக்குத் தன் துறையின் பதிலைச் சொன்னார். அந்தப் பெண்ணின் கேள்வியோ துறையைப் பற்றியது அல்ல. துறைகளின் எல்லைக்கோடு மனுதாரருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதை நிறுத்த வேண்டும். எந்த மேசையில் கேட்டாலும் இரண்டு துறையின் பதிலும் வர வேண்டும்.

சான்றிதழிலும் இதே கதைதான். மருத்துவ முகாமில் டாக்டர் ஒரு விழுக்காட்டை எழுதிவிட்டால் அதுவே முடிவு என்று மக்கள் நினைக்கிறார்கள். அதை எதிர்த்து மேல்முறையீடு செய்யலாம் என்று 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 59-ஆவது பிரிவு சொல்கிறது. அந்த ஒரு வரியைச் சான்றிதழின் கீழேயே தமிழில் அச்சிடுவதற்கு என்ன தடை?

பதினெட்டு வயதில் இன்னொரு சுவர். ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்காக 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டம் வந்தது. பிள்ளை மேஜரான பிறகு சட்டப்படியான பாதுகாவலரை நியமிப்பது மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர் அளவிலான குழு. அதே சட்டத்தின்கீழ் அமைந்த அறக்கட்டளை, நிராமயா என்ற பெயரில் ஒரு லட்சம் ரூபாய் வரைக்கும் மருத்துவக் காப்பீடும் தருகிறது. சேருவதற்கு முன் மருத்துவப் பரிசோதனை கிடையாது. பெற்றோர் பலருக்கு இந்தக் குழுவைப் பற்றி முதன்முதலில் தெரிய வருவது வங்கிக் கவுண்டரில். “இனிமே நீங்க கையெழுத்துப் போட முடியாதும்மா, கார்டியன் சர்டிபிகேட் கொண்டாங்க” என்று சொல்லும்போது. பிள்ளையின் பிறந்த தேதி அரசிடம் இருக்கிறது. பதினேழு வயது முடிவதற்குள் ஒரு கடிதம் வீட்டுக்கு வந்திருக்கலாம்.

தகவல் இருக்கிற இடத்திலும் அது பூட்டிக் கிடக்கிறது. அரசாணைகள் இணையத்தில் கிடைக்கின்றனவே என்பார்கள். கிடைக்கின்றன, படமாக. தட்டச்சு செய்து, அச்செடுத்து, கையெழுத்துப் போட்டு, அதை ஸ்கேன் செய்து ஏற்றியிருப்பார்கள். பார்வையற்றவர் என்விடிஏ போன்ற திரைவாசிப்பானில் அதைத் திறந்தால் ஒரு எழுத்துகூட வாசிக்காது. ஸ்கேன் செய்யாமல் ஏற்றியவற்றிலும் சில வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் இருக்கும். கண்ணால் பார்ப்பவருக்கு அது தமிழ். கணினிக்கு அது சம்பந்தமில்லாத ஆங்கில எழுத்துகளின் வரிசை; அதைத்தான் திரைவாசிப்பான் மூச்சுவிடாமல் ஒப்பிக்கும். எங்கள் உறுப்பினர் ஒருவர் ஸ்பீக்கரைத் திருப்பி வைத்து இதைக் கேட்கச் சொன்னபோது, பார்வையுள்ள நாங்கள் அரை நிமிடம்கூடத் தாங்கவில்லை. அரசு அலுவலகங்களுக்கு யூனிகோடும் டேஸ்-16-உம்தான் தமிழ் எழுத்துக் குறியாக்கத் தரம் என்று தமிழ்நாடு அரசு ஆணையிட்டது 2010-இல், கோவையில் செம்மொழி மாநாடு நடந்த அதே நாட்களில். புதிய தொழில்நுட்பம் எதையும் நாங்கள் கேட்கவில்லை. தன் ஆணையை அரசு தானே பின்பற்றட்டும்.

உச்ச நீதிமன்றமும் இதைப் பேசிவிட்டது. அணுகல் தரங்கள் வெறும் பரிந்துரைகளாக இருக்கக்கூடாது, கட்டாய விதிகளாக வேண்டும் என்று 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில் சொன்னது. 2025 ஏப்ரல் 30-இல் பிரக்யா பிரசூன் வழக்கில் நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு, டிஜிட்டல் வசதிகளை அணுகுவது அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்றது. அமில வீச்சுக்கு ஆளானவரைக் கேமராவுக்கு முன்னால் கண் சிமிட்டச் சொன்னதில் தொடங்கிய வழக்கு அது. கண்ணால் பார்த்துத் தட்ட வேண்டிய கேப்ட்சா படத்தைப் பார்வையற்றோர் நிரப்பும் விண்ணப்பத்திலும் வைக்கிறவர்கள் அந்தத் தீர்ப்பை ஒருமுறை வாசிக்க வேண்டும்.

காது கேளாதோர் நிலை இதைவிட மோசம். உதவி எண் அறிவித்துவிட்டோம் என்கிறார்கள். காது கேளாதவர் அந்த எண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? எழுதித்தான் கொடுத்துவிட்டோமே என்ற பதிலும் பாதிதான் சரி. சைகைமொழியையே முதல் மொழியாகக் கொண்டு வளர்ந்த பலருக்கு, அதிலும் வயதானவர்களுக்கு, அலுவலகத் தமிழ் எட்டாத மொழி. (அது காது கேட்பவர்களுக்கும் பல நேரம் எட்டுவதில்லை என்பது வேறு விஷயம்.) மாவட்டத்துக்கு ஒரு சைகைமொழிபெயர்ப்பாளர் குறிப்பிட்ட நேரத்தில் வீடியோ அழைப்பில் இருந்தாலே பாதிப் பிரச்சினை தீரும். அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு எளிய வாக்கியங்களில், படங்களோடு ஒரு பிரதி வேண்டும். அவர்களுடைய உதவித்தொகையைப் பற்றி எப்போதும் அம்மாவிடம் மட்டுமே பேசுவதை நாங்கள் ஒப்பவில்லை.

தகவல் இல்லாத இடத்தில் புரோக்கர் வருவார். பெட்ரோல் ஸ்கூட்டர் வாங்கித் தருகிறேன், சான்றிதழில் பர்சன்ட் ஏற்றித் தருகிறேன் என்று மருத்துவமனை வாசலிலேயே நிற்பவர்கள் உண்டு. அவர்களிடம் பணம் கொடுத்தவரை ஏமாளி என்று திட்டுவதில் பயனில்லை. இலவசமாகக் கிடைக்கிற விண்ணப்பத்தைப் பற்றி அவரிடம் முதலில் பேசியது புரோக்கர்தான்.

தொண்டு நிறுவனங்கள் இருக்கின்றனவே என்றும் கேட்கப்படுகிறது. இருக்கின்றன, நன்றாகவே செய்கின்றன. ஆய்க்குடியில் 1981 முதல் அமர் சேவா சங்கம், சென்னையில் மனநலத்துக்கு 1984 முதல் ஸ்கார்ஃப், 1985 முதல் வித்யாசாகர்; முட்டுக்காட்டில் 2005-இல் தொடங்கிய மத்திய அரசின் பல்வகைக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனம். ஆனால் இவற்றைக் கண்டடைந்த குடும்பங்களைக் கேட்டுப் பாருங்கள், ரயிலில் யாரோ சொன்னார்கள், பக்கத்து வீட்டுக்காரரின் தம்பி சொன்னான் என்பார்கள். எங்களைப் போன்ற சங்கங்கள் வழிகாட்டலாம். அரசின் கடமையைக் குத்தகைக்கு எடுத்துக்கொள்ள முடியாது. எங்கள் அலுவலகம் பூட்டியிருக்கிற நாளில் ஒருவரின் உரிமையும் பூட்டிக் கிடக்கலாமா?

உலக வங்கியின் கடனுதவியோடு தமிழ்நாடு அரசு நடத்தும் உரிமைகள் திட்டத்தில் ‘விழுதுகள்’ என்ற பெயரில் ஒருங்கிணைந்த சேவை மையங்கள் வருகின்றன. பிசியோதெரபி, பேச்சுப் பயிற்சி, ஆலோசனை எல்லாம் ஒரே கூரையின்கீழ். இதை நாங்கள் மனதார வரவேற்கிறோம். ஒரு கவலை உண்டு: திட்டத்துக்கு முடிவுத் தேதி உண்டு, இயலாமைக்குக் கிடையாது. அந்த மையங்களில் வழிகாட்டும் பணியிடங்களையாவது துறையின் நிரந்தரப் பணியிடங்களாக்கி, அவற்றில் மாற்றுத்திறனாளிகளையே அமர்த்த வேண்டும். தாலுகா ஆபீஸ் படியை ஏற முடியாமல் வாசலில் காத்திருந்தவருக்குத்தான் எந்தக் கேள்வியை முதலில் கேட்க வேண்டும் என்று தெரியும்.

இந்த அறிக்கையை எழுதும்போது எங்களுக்குள் ஒத்துப்போகாத ஒரு இடமும் இருந்தது. யுடிஐடி என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கான விவரம் அரசிடம் இருக்கிறதே, விண்ணப்பமே இல்லாமல் எல்லாத் துறைக்கும் அதை அனுப்பித் தகுதியானவர்களைத் தானாகச் சேர்த்துவிடலாமே என்றார்கள் பெற்றோரில் பலர். மனநல பாதிப்பு உள்ள உறுப்பினர்கள் கடுமையாக மறுத்தார்கள். தன் நோயின் பெயர் ரேஷன் கடை வரைக்கும் போவதை யாரும் விரும்புவதில்லை, ஊரில் வாடகைக்கு வீடு கிடைப்பதே அதோடு முடிந்துபோகும் என்றார்கள். அவர்கள் சொல்வதில் உள்ள நியாயத்தை ஏற்கிறோம். எனவே எங்கள் நிலைப்பாடு இது: தகவல் எல்லோருக்கும் தானாக வர வேண்டும், விவரம் வேறு துறைக்குப் போவது ஒவ்வொரு முறையும் அவரது சம்மதத்தோடுதான் நடக்க வேண்டும். அந்தச் சம்மதத்தைச் சான்றிதழ் தரும்போதே ஒரு படிவத்தில் கேட்கலாம், வேண்டாம் என்பவருக்கு எந்த உதவியும் நிற்கக்கூடாது.

இன்னொரு செயலியை நாங்கள் கேட்கவில்லை. செல்போன் இல்லாதவர், இருந்தும் மகன் கையில் விட்டவர், ஆதாரில் இணைத்த எண் மாறிப்போய் ஓடிபி வராதவர் ஆகியோரை வைத்துத்தான் எந்த ஏற்பாட்டையும் யோசிக்க வேண்டும். அதற்கான ஆட்கள் கிடைக்க இப்போது வழி பிறந்திருக்கிறது. உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக்கும் சட்டத் திருத்தங்களைத் தமிழ்நாடு சட்டமன்றம் 2025 ஏப்ரலில் நிறைவேற்றியது. 12,000-க்கும் மேற்பட்ட கிராம ஊராட்சிகள் உள்ள மாநிலம் இது. நியமன உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் துறைவாரியாக அல்லாமல் வயதுவாரியாகத் தயாரித்த ஒரு தகவல் தொகுப்பை அச்சிலும் ஒலி வடிவத்திலும் அரசு கொடுக்கட்டும், விதி மாறும்போதெல்லாம் மாறிய பக்கத்தை அனுப்பட்டும். பிறந்த குழந்தை என்றால் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையம் எங்கே, ஆறு வயது என்றால் பள்ளியில் என்ன கேட்கலாம், பதினெட்டு என்றால் எந்தக் குழு, அறுபது என்றால் எந்த ஓய்வூதியம் என்று அது இருக்க வேண்டும். ஆண்டுக்கு ஆறு முறை கூடும் கிராம சபையில் அதை வாசிப்பதைக் கூட்டப் பொருளில் சேர்க்க வேண்டும். கூட்டத்தைச் சாய்தளம் உள்ள கட்டடத்தில், அல்லது எல்லோரும் வந்து சேரக்கூடிய திறந்தவெளியில் நடத்த வேண்டும். இவற்றுக்கான ஆணையை அடுத்த கிராம சபைக்கு முன்பே ஊரக வளர்ச்சித் துறையும் மாற்றுத்திறனாளிகள் நலத்துறையும் சேர்ந்து வெளியிட வேண்டும், யூனிகோடில்.