கிளைமிலிருந்து தொடங்கட்டும் காப்பீட்டுப் பாடம்

இந்தியாவில் காப்பீட்டு முகவர் ஆவது கடினமல்ல. பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும் 18 வயதும் இருந்தால் போதும். சில நாள் பயிற்சிக்குப் பிறகு 50 வினாக்கள் கொண்ட ஒரு மணி நேரத் தேர்வு. அதில் 35 சதவீத மதிப்பெண் எடுத்தால் தேர்ச்சி. வாசல் அகலமாக இருப்பதில் தவறில்லை. இல்லத்தரசிகளுக்கும் ஓய்வுபெற்றவர்களுக்கும் சிற்றூர் இளைஞர்களுக்கும் இந்தத் தொழில் வருமானம் தந்திருக்கிறது. ஆனால், உள்ளே வருபவருக்கு முதலில் எது கற்றுத்தரப்படுகிறது என்பதில்தான் சிக்கல். சொந்தக்காரர், நண்பர் பெயர்களைப் பட்டியல் போடுவது, முதிர்வுத் தொகையைக் கணக்கிட்டுக் காட்டுவது, மாத இலக்கை எட்டுவது என்று விற்பனையே முதல் பாடமாகிவிடுகிறது. கிளைம் ஏன் மறுக்கப்படுகிறது என்பதைத் தன் வாடிக்கையாளரின் வீட்டில் இழப்பு நேர்ந்த பிறகே பலர் அறிகிறார்கள். இந்த வரிசை தலைகீழாக மாற வேண்டும். புதியவரின் பயிற்சி கிளைம் பிரிவில் தொடங்க வேண்டும்.

பாலிசி என்பது ஒரு வாக்குறுதி. அதன் மதிப்பு கிளைம் நாளில்தான் தெரியும். அந்த நாளின் முடிவோ பெரும்பாலும் விண்ணப்பப் படிவம் நிரப்பப்பட்ட அன்றே எழுதப்பட்டுவிடுகிறது. காப்பீடு கேட்பவர் தனக்குத் தெரிந்த முக்கியமான உண்மைகளை மறைக்கக் கூடாது என்ற கோட்பாட்டை இங்கிலாந்தில் மான்ஸ்ஃபீல்டு பிரபு 1766இல் நிலைநாட்டினார். இன்றும் இத்தொழிலின் அடித்தளம் அதுவே. நம் நாட்டு உச்ச நீதிமன்றத்தின் இரண்டு தீர்ப்புகள் இதைத் தெளிவாக்குகின்றன. நீரிழிவையும் சிறுநீரக நோயையும் மறைத்து எடுத்த மருத்துவ பாலிசியில் இழப்பீட்டை மறுத்தது சரியே என்று 2009இல் நீதிமன்றம் கூறியது. நீரிழிவு இருப்பதைச் சொல்லி பாலிசி எடுத்தவருக்கு 2021இல் அதே நீதிமன்றம் துணை நின்றது. நோயைத் தெரிந்தே பாலிசி கொடுத்த நிறுவனம், பின்னர் அதையே காரணம் காட்டி மறுக்க முடியாது என்றது. இரண்டிலும் நீரிழிவு இருந்தது. ஒருவர் சொன்னார், மற்றவர் சொல்லவில்லை. நம் வீடுகளில் அந்தப் படிவத்தை நிரப்புவது பெரும்பாலும் முகவர்தான். ‘சுகர் இருக்கா?’ என்ற கேள்விக்கு அவர் அவசரத்தில் போடும் ‘இல்லை’ ஒரு குடும்பத்தின் பணத்தைப் பறித்துவிடலாம். ஆயுள் பாலிசியை மூன்று ஆண்டுகள் கடந்த பிறகு கேள்விக்கு உள்ளாக்க முடியாது என்று 1938ஆம் ஆண்டு காப்பீட்டுச் சட்டத்தின் 45ஆம் பிரிவு பாதுகாப்பு தருகிறது. அதற்குள் மரணம் நேர்ந்தால், படிவத்தின் ஒவ்வொரு வரியும் ஆராயப்படும்.

படிவத்தோடு முகவரின் கடமை முடிவதில்லை. 1987இல் ஒருவர் தன் எல்ஐசி பாலிசிகளுக்கான நிலுவைத் தவணையை முகவரிடம் காசோலையாகக் கொடுத்தார். அது நிறுவனத்தில் கட்டப்படுவதற்குள் விபத்தில் இறந்துபோனார். முகவர் பணத்தைச் செலுத்தியது மறுநாள். பிரீமியம் வாங்க அந்த முகவருக்கு அதிகாரம் இல்லை, அவரிடம் கொடுத்தது நிறுவனத்திடம் கொடுத்ததாகாது என்று 1997இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வாகனக் காப்பீட்டிலும் முகவர் சொல்லாமல் விடுவது வாடிக்கையாளருக்கு இழப்பாக முடிகிறது. சென்னை 2015 வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் ஏராளமான கார்கள் மூழ்கின. தண்ணீர் புகுந்த காரை ஸ்டார்ட் செய்து இன்ஜின் பழுதானால், அதற்கெனத் தனியாகக் கூடுதல் பாதுகாப்பு எடுக்காதவருக்குப் பொதுவாக அந்தச் செலவு கிடைப்பதில்லை. ‘ஃபுல் இன்சூரன்ஸ்’ என்று சொல்லி விற்பவர் இந்த விதிவிலக்கை அறிந்திருந்தால், விற்கும்போதே எச்சரித்திருப்பார்.

காப்பீட்டை யாரும் தேடிவந்து வாங்குவதில்லை, மறுப்புகளைப் பற்றியே பேசினால் மக்கள் மிரள்வார்கள் என்பது விற்பனைத் தரப்பின் வாதம். இதில் பாதி உண்மை. 2047க்குள் அனைவருக்கும் காப்பீடு என்ற ஒழுங்குமுறை ஆணையத்தின் இலக்கு, வீடு தேடிச் செல்லும் முகவர் இல்லாமல் கைகூடாது. ஆனால், ஒரு தெருவில் மறுக்கப்பட்ட ஒரு கிளைம், அந்தத் தெரு முழுவதையும் காப்பீட்டிலிருந்து விலக்கிவைக்கும். புரியாமல் எடுத்த பாலிசிகள் சில ஆண்டுகளில் கைவிடப்பட்டால், முகவருக்குப் புதுப்பிப்புக் கமிஷனும் நின்றுபோகும். நீண்ட பயிற்சியைப் பகுதிநேர முகவர்கள் தாங்க மாட்டார்கள் என்பது அடுத்த வாதம். நாம் கேட்பது கூடுதல் நாட்களை அல்ல, பாடத்தின் வரிசை மாற்றத்தை. கையெழுத்திட்ட வாடிக்கையாளருக்குப் பொறுப்பில்லையா என்றும் கேட்கலாம். உண்டு, 30 நாட்களுக்குள் பாலிசியைத் திருப்பித்தரும் உரிமை அதற்காகத்தான். ஆனால், படிக்க முடியாத நடையில் அச்சான பக்கங்களை விளக்கத் தெரிந்தவர் அருகில் இல்லாதபோது, அந்த உரிமையால் பயனில்லை.

எனவே நிறுவனங்கள் புதிய முகவரை முதலில் கிளைம் கோப்புகளின் முன் உட்காரவைக்க வேண்டும். காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர்களின் தீர்ப்புகளைப் பாடமாக்க வேண்டும். படிவத்தை வாடிக்கையாளரின் தாய்மொழியில் வாசித்துக் காட்டிய பிறகே கையெழுத்து வாங்கப் பழக்க வேண்டும். முகவர் தேர்விலும் மறுக்கப்பட்ட கிளைம்களை வைத்துக் கேள்விகள் கேட்க வேண்டும். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருபவர்கள் நிறுவனம் மாறும்வரை காத்திருக்க வேண்டாம். முதல் பாலிசியை விற்கும் முன், எந்தெந்தச் சூழலில் அதில் பணம் கிடைக்காது என்பதை முழுமையாகக் கற்றுக்கொள்ளுங்கள். அதை வாடிக்கையாளரிடம் தயங்காமல் சொல்லுங்கள்.