பணம் நம்முடையது, முடிவு யாருடையது? டாடா மோட்டார்ஸ் டிவிஆர் பங்கு தரும் பாடம்

கோட்டைப்பட்டினம், அம்மாபட்டினம், கோபாலப்பட்டினம், மீமிசல் என நமது புதுக்கோட்டை மாவட்டக் கடலோர ஊர்களில், வெளிநாட்டு உழைப்பில் சேரும் பணம் இன்று நிலம், நகையோடு நிற்பதில்லை. டீமேட் கணக்கு வழியாகப் பங்குச் சந்தைக்கும் போகிறது. 'இது ஹலாலா?' என்று நாம் முதலில் கேட்கிறோம். அது சரியான கேள்வி. அதோடு, 'இந்தப் பங்குக்கு ஓட்டு எவ்வளவு?' என்றும் கேட்க வேண்டும்.

ஒரே நிறுவனம் இரண்டு வகைப் பங்குகளை வெளியிடலாம். 2008ல் ஜாகுவார் லேண்ட் ரோவரை வாங்கிய டாடா மோட்டார்ஸ், அதற்கான நிதியைத் திரட்ட அப்படித்தான் செய்தது. சாதாரணப் பங்கின் விலை 340 ரூபாய். 'ஏ' பங்கு எனப்படும் டிவிஆர் பங்கின் விலை 305 ரூபாய். பத்து டிவிஆர் பங்குகளுக்குத்தான் ஒரு ஓட்டு. அதற்கு ஈடாக, முகமதிப்பில் 5 சதவீதம் கூடுதல் ஈவுத்தொகை. முகமதிப்பு 2 ரூபாயான பிறகு இது பங்குக்கு வெறும் 10 பைசா. ஈவுத்தொகை அறிவிக்காத ஆண்டுகளில் அதுவும் கிடையாது.

வாங்கியவர், தான் விரும்பும்போது இதைச் சாதாரணப் பங்காக மாற்றிக்கொள்ள முடியாது. அப்படி நேரடியாக மாற்ற கம்பெனி சட்ட விதிகளும் இடம் தருவதில்லை. 2023 ஜூலையில் நிறுவனமே முன்வந்து, டிவிஆர் பங்குகளை ரத்து செய்து, பத்துக்கு ஏழு சாதாரணப் பங்குகள் தருவதாக அறிவித்தது. பங்குதாரர்களும் தீர்ப்பாயமும் ஒப்புக்கொண்ட பின், 2024 செப்டம்பரில் இது நடைமுறைக்கு வந்தது.

கணக்கைப் பாருங்கள். வாங்கும்போது சாதாரணப் பங்கின் விலையில் சுமார் 90 சதவீதம் கொடுத்தோம். மாற்றும்போது கிடைத்ததோ 70 சதவீதம். சந்தையில் டிவிஆர் அதைவிடவும் மலிவாக விற்றுவந்ததால் பலருக்கு இது லாபமாகவே தெரிந்தது. ஆனால் ஓட்டில்லாத பங்கின் உண்மையான விலை இந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

2019ல் செபி வேறொரு வழியைத் திறந்தது. தொழில்நுட்ப நிறுவனங்களின் நிறுவனர்கள், ஒரு பங்குக்குப் பத்து ஓட்டு வரை வைத்துக்கொள்ளலாம். ஆனால் பட்டியலிட்ட ஐந்து ஆண்டுகளில் அவை சாதாரணப் பங்குகளாக வேண்டும்; மற்ற பங்குதாரர்கள் சம்மதித்தால் மேலும் ஐந்து ஆண்டு நீட்டிக்கலாம். நிறுவனர் இறந்தாலும் பதவி விலகினாலும் அந்தச் சலுகை முடிந்துவிடும். அதிகாரத்துக்குக் காலக்கெடு வைத்தது நல்ல ஏற்பாடு.

மார்க்க ரீதியாக, 1992ல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, முதலுக்கோ லாபத்துக்கோ உத்தரவாதமும் முன்னுரிமையும் தரும் பங்குகளை அனுமதிக்கவில்லை. நிர்வாகம் சார்ந்த சிறப்புரிமைகளை அனுமதித்தது. ஆக, ஓட்டு வித்தியாசம் ஒரு விஷயம், கூடுதல் ஈவுத்தொகை வேறு விஷயம். இரண்டாவதை ஆலிம்களிடம் தனியாகக் கேட்டுத் தெளிவு பெறுவது நல்லது.

இந்தப் பாடம் பெரிய கம்பெனிகளுக்கு மட்டுமல்ல. உறவினர் நடத்தும் கடையில் பணம் போட்டு, கணக்கு கேட்கவும் தயங்கும் குடும்பங்கள் நம்மில் ஏராளம். யார் முடிவெடுப்பார், பங்கை எப்போது, எந்தக் கணக்கில் திரும்பப் பெறலாம் என்பதைப் பணம் கொடுக்கும் நாளிலேயே எழுதிக்கொள்வோம். கொடுக்கல் வாங்கலை எழுதி, சாட்சி வைக்கச் சொல்லும் மார்க்கம் நம்முடையது (அல்குர்ஆன் 2:282). எழுதிக் கேட்பது சந்தேகமல்ல. உறவைக் காக்கும் வழி.

அல்லாஹ் நம் அனைவரின் சம்பாத்தியத்திலும் பரக்கத் செய்வானாக. ஆமீன்.